பண்ணை வீட்டு விறகு அடுப்பை இந்தக் குளிருக்கு மூட்டலாமா?

கேள்வி: "கனடாவின் ஒன்ராறியோவில் பீற்றர்பரோவுக்கு வெளியே ஒரு பழைய பண்ணை வீடு வாங்கிக் குடிவந்திருக்கிறோம். வரவேற்பறையில் ஒரு கறுத்த இரும்பு விறகு அடுப்பு இருக்கிறது. 'இருபது வருடமாக இதைத்தான் எரிக்கிறோம், ஒரு பிரச்சினையும் இல்லை' என்று விற்றவர் சொன்னார். இன்சூரன்ஸ்காரர் வெற் பரிசோதனை அறிக்கை வேண்டும் என்கிறார். வீட்டில் மூன்று வயதுக் குழந்தையும் ஆஸ்துமா உள்ள அம்மாவும் இருக்கிறார்கள். படுக்கப் போகும்போது அடுப்பை நிரப்பிக் காற்றை அடைத்துவிட்டால் விடியும்வரை எரியும் என்பது கணவரின் திட்டம். அது சரியா? முழு வீட்டையும் இதாலேயே சூடாக்கலாமா? இப்போது செப்ரெம்பர். இன்னும் ஒரு மாதத்தில் குளிர் தொடங்கிவிடும்."

முதலில் உங்கள் கணவரின் திட்டத்துக்கு வருகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் கிளம்புகிறது. வேண்டாம். அடுப்பு நிறைய விறகைத் திணித்து, காற்றை அடைத்து, விடியும்வரை புகைய விடுவதைப் போல மோசமான காரியம் விறகு அடுப்பில் வேறில்லை. புதிதாக விறகு எரிக்கத் தொடங்குகிறவர்கள் பெரிய நெருப்பைக் கண்டுதான் பயப்படுவார்கள். எனக்குப் பயம், காற்றில்லாமல் முனகிக்கொண்டு கிடக்கிற நெருப்பைக் கண்டால்தான். புகைபோக்கி தீப்பிடிப்பது, நச்சு வாயு வீட்டுக்குள் இறங்குவது, அயலவர் முறைப்பாடு செய்வது எல்லாம் பெரும்பாலும் அதன் கைங்கரியம்.

ஏன் என்று சொல்கிறேன். விறகு சூடாகும்போது முதலில் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகும். பிறகு, ஏறத்தாழ 250, 300 பாகை செல்சியஸில் மரம் சிதைந்து வாயுக்களை விடத் தொடங்கும். விறகில் இருக்கிற சூட்டில் பாதிக்கு மேல் அந்த வாயுக்களில்தான் இருக்கிறது. அவை முழுதாக எரிய 600 பாகையை ஒட்டிய சூடும் போதிய காற்றும் வேண்டும். காற்றை அடைத்தால் அடுப்பு தணிந்துவிடும், ஆனால் மரம் வாயு விடுவதை நிறுத்தாது. எரியாத அந்த வாயு புகையாக மேலே போய், புகைபோக்கியின் உட்சுவர் 120 பாகைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் இடத்தில் தாராகப் படியும். அதைத்தான் கிரியோசோட் என்கிறார்கள். முதலில் தூளாகப் படியும், பிறகு பொருக்காகும், கடைசியில் பளபளவென்று உருகி இறுகிவிடும். அந்த நிலைக்கு வந்தபின் தூரிகை போட்டுத் தேய்த்தாலும் அசையாது. ஒருநாள் யாராவது காய்ந்த சீடர் மரச் சிராயை அள்ளிப்போட்டுக் கொழுந்துவிட்டு எரியவிட்டால், மேலே ஏறும் சுவாலை அதைப் பற்றவைக்கும். புகைபோக்கிக்குள் எழும் அந்தத் தீ 1100 பாகையையும் தாண்டக்கூடியது.

ஊரில் விறகடுப்போடு வளர்ந்தவர்களுக்கு ஒரு தன்னம்பிக்கை உண்டு. என் வீட்டிலும் அம்மா, "நெருப்பு மூட்ட எனக்கா சொல்லித் தருகிறாய்" என்பார். அந்த அனுபவம் இங்கே பாதிதான் உதவும். மூன்று கல் அடுப்பில் நெருப்பைக் குறைக்க வேண்டுமென்றால் கொள்ளியை வெளியே இழுப்போம். புகை ஓட்டு இடுக்கால் தானாகப் போய்விடும். இங்கே வீடு குளிருக்காக இறுக அடைத்துக் கட்டியது. புகை போக ஒரே வழி புகைபோக்கி, நெருப்பை ஆள ஒரே வழி காற்றைக் கூட்டிக் குறைக்கும் அந்தக் கைபிடி.

சரி, உங்கள் அடுப்பு. பரிசோதகர் வந்து பார்க்கும்வரை ஒரு தீக்குச்சிகூட உரசாதீர்கள். விற்றவர் பொய் சொல்லியிருக்கமாட்டார், ஆனால் இருபது வருடம் ஒன்றும் நடக்கவில்லை என்பது எனக்கு ஆறுதல் தரும் செய்தியே இல்லை. அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் சுவர் மரம் வருடக்கணக்காகச் சூடுபட்டு உள்ளுக்குள் காய்ந்து கருகி வரும். புது மரம் பற்றிக்கொள்ளாத சூட்டில் அது பற்றிக்கொள்ளும். இருபது குளிர்காலம் தாங்கிய சுவர் இருபத்தோராவதில் தாங்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

வெற் (WETT) என்பது விறகு அடுப்புகளைப் பொருத்துவதற்கும் பரிசோதிப்பதற்கும் ஆட்களைப் பயிற்றிச் சான்றிதழ் கொடுக்கும் ஒரு கனடிய அமைப்பு. இன்சூரன்ஸ்காரர் கேட்பது அந்தச் சான்றிதழ் பெற்ற ஒருவர் எழுதும் அறிக்கை. செப்ரெம்பர், ஒக்ரோபரில் அவர்களைப் பிடிப்பது கஷ்டம், ஆகவே நாளைக்கே அழையுங்கள். மேலோட்டமாகக் கண்ணால் பார்த்து எழுதும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. வீடு கைமாறியிருப்பதால் அது உங்களுக்குப் போதாது என்பது என் அபிப்பிராயம். புகைபோக்கியைத் துப்புரவாக்கி, உள்ளே கமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். செங்கல் புகைபோக்கியாக இருந்தால் இது கட்டாயம். உள்ளே சுட்ட களிமண் குழாய் பதித்திருப்பார்கள். முன்பு எப்போதாவது உள்ளே தீப்பிடித்திருந்தால் அது வெடித்திருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வெடித்திருந்தால் உள்ளே ஒரு துருப்பிடிக்காத உருக்குக் குழாய் இறக்க வேண்டிவரும். செலவுதான், ஆனால் அதில் பேரம் பேசி மிச்சம் பிடிக்காதீர்கள்.

அவர் வருமுன் நீங்களே சிலதைப் பார்க்கலாம். ஒரு ரோச் லைட்டும் அளவு நாடாவும் போதும். அடுப்பின் பின்புறத்திலோ பக்கத்திலோ ஒரு சிறிய உலோகத் தகடு அறைந்திருக்கிறதா என்று பாருங்கள். யூஎல்சி, சிஎஸ்ஏ போன்ற தரப் பரிசோதனை நிறுவனங்களின் முத்திரையோடு, பின்சுவருக்கு இவ்வளவு, பக்கச்சுவருக்கு இவ்வளவு இடைவெளி என்று அதில் எழுதியிருக்கும். அந்த எண்தான் உங்கள் வீட்டுக்குச் சட்டம். தகடே இல்லையென்றால் அது சான்றிதழ் இல்லாத பழைய அடுப்பு. கனடிய விதிப்படி எரியக்கூடிய எதிலிருந்தும் 1200 மில்லிமீற்றர், அதாவது 4 அடி தள்ளி இருக்க வேண்டும். அவ்வளவு இடம் விட்டால் அடுப்பு அறைக்கு நடுவில் வந்து நிற்கும். பலர் சுவரில் நேரடியாகக் கல்லோ செங்கல் ஓடோ ஒட்டிவிட்டு, இனிப் பயமில்லை என்று நினைக்கிறார்கள். கல் எரியாது, உண்மைதான். ஆனால் சூட்டை வாங்கி அப்படியே பின்னாலுள்ள மரச்சட்டத்துக்குக் கொடுத்துவிடும். பாதுகாப்பைத் தருவது கல்லுக்குப் பின்னால் இருக்கிற காற்று. ஒரு உலோகத் தகட்டைச் சுவரிலிருந்து 25 மில்லிமீற்றர் விலக்கி, கீழும் மேலும் திறந்திருக்கும்படி பொருத்தினால், இடையே காற்று ஓடிச் சுவரைக் குளிர வைத்திருக்கும். அதற்கேற்ப இடைவெளியைக் குறைக்க விதி இடம் தருகிறது. எவ்வளவு என்பதைப் பரிசோதகர் சொல்வார்.

அடுப்பிலிருந்து புகைபோக்கிவரை போகும் கறுத்த ஒற்றைத் தகட்டுக் குழாயையும் பாருங்கள். எரியக்கூடிய எதுவும் அதற்கு 18 அங்குலத்துக்குள் இருக்கக்கூடாது. ஒவ்வொரு பொருத்திலும் மூன்று திருகாணி இருக்க வேண்டும். குழாயின் நெளிந்த முனை கீழ்நோக்கி, அடுப்புப் பக்கமாகப் போயிருக்க வேண்டும். பார்ப்பதற்குத் தலைகீழாகப் பொருத்தியதுபோல இருக்கும். ஆனால் மேலே படியும் தார் கசிந்தால் வெளியே வழியாமல் அடுப்புக்குள்ளேயே திரும்ப வர அதுதான் வழி. இரண்டு முழு வளைவுக்கு மேல் இருந்தால் புகை தயங்கும். அடுப்புக்குக் கீழே தரையில் போடும் தட்டு கதவுக்கு முன்னால் 18 அங்குலமும் மற்றப் பக்கங்களில் 8 அங்குலமும் நீண்டு, எரியாத பொருளாக இருக்க வேண்டும். கம்பளம், எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்த எல்லைக்கு வெளியே.

வெளியே போய்க் கூரையையும் பாருங்கள். புகைபோக்கி கூரையைத் துளைத்து வரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயர்ந்திருக்க வேண்டும். சுற்றி 10 அடிக்குள் இருக்கிற கூரையின் எந்தப் பகுதியையும்விட 2 அடி உயரமாகவும் இருக்க வேண்டும். வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் ஃபர்னஸின் புகையும் அதே துவாரத்தில் போகிறதா என்று கேளுங்கள். பழைய வீடுகளில் அப்படி இணைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். போனால் பிரிக்க வேண்டும்.

அடுப்பில் தகடு இல்லையென்றால் நான் அதைத் திருத்த மாட்டேன், மாற்றுவேன். அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனமான ஈபிஏயின் கணக்குப்படி பழைய, சான்றிதழ் இல்லாத அடுப்புகள் மணிக்கு 15 முதல் 30 கிராம் புகைத்துகள் விடும். 2020க்குப் பிறகு விற்கும் அடுப்புகளுக்கு எல்லை 2 கிராம், உண்மையான விறகை எரித்துச் சோதித்ததென்றால் 2.5 கிராம். புது அடுப்பின் உச்சியில் துளையிட்ட குழாய்கள் குறுக்கே ஓடும். சூடான காற்று அதனூடாக வந்து புகையைப் பிடித்து எரிக்கும். கண்ணாடி வழியாகப் பார்த்தால் விறகைத் தொடாமல் அந்தரத்தில் சுவாலை ஆடுவது தெரியும். மொன்றியலில் 2018 ஒக்ரோபர் 1 முதல் 2.5 கிராமுக்கு மேல் விடும் அடுப்புகளை எரிக்கவே தடை. மின்சாரம் மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்றால் மட்டும் விலக்கு. உங்கள் ஊரில் அப்படிச் சட்டம் இருக்கிறதோ இல்லையோ, ஆஸ்துமா உள்ள ஒருவர் இருக்கும் வீட்டில் எனக்கு அதுதான் அளவுகோல்.

இனி விறகு. அடுப்புக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள் விறகில் கோட்டை விடுவார்கள். பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். அதை எரித்தால், நெருப்பு உங்கள் வீட்டைச் சூடாக்குவதற்கு முதல் அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும். அடுப்புச் சூடு ஏறாது, புகை கூடும், முன்சொன்ன கதை தொடங்கும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். பிளந்து, நிலத்தில் படாமல் பலகைமேல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்கு விட்டால் மேப்பிள் ஒரு வருடத்தில் காயும். ஓக் இரண்டு வருடம் கேட்கும். முழுவதையும் தார்ப்பாயால் போர்த்துக் கட்டினால் காயாது, புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். பேர்ச் மரத்தைப் பிளக்காமல் உருளையாக விட்டால் அதன் பட்டை ஈரத்தை வெளியேவிடாது, உள்ளே உக்கிப்போகும்.

விற்பவர் எல்லாருமே "நன்றாகக் காய்ந்தது" என்றுதான் சொல்வார்கள். இரண்டு முள் உள்ள சிறிய ஈரமானி ஒன்றை வன்பொருள் கடையில் வாங்குங்கள். கட்டையின் வெளிப்புறத்தில் குத்தினால் அது உங்களை ஏமாற்றும், வெளிப்புறம் எப்போதும் காய்ந்துதான் இருக்கும். வந்திறங்கிய குவியலிலிருந்து ஒரு கட்டையை எடுத்துக் கோடாலியால் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தின் நடுவில், நார் ஓடும் திசையில் குத்திப் பாருங்கள். 28, 30 என்று காட்டினால் அது அடுத்த வருடத்து விறகு. அந்த விலைக்குத்தான் வாங்க வேண்டும். ஈரமானி இல்லாவிட்டால் இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள்: காய்ந்தது கணீர் என்னும், பச்சை தொம் என்னும்.

அளவிலும் கவனம் வேண்டும். 'கோர்ட்' என்றால் 4 அடி உயரம், 4 அடி ஆழம், 8 அடி நீளமாக அடுக்கிய விறகு, 128 கன அடி. 'ஃபேஸ் கோர்ட்' என்று விற்பது பெரும்பாலும் அதில் மூன்றிலொரு பங்குதான், கனடாவில் அதற்குச் சட்டப்படியான வரையறையும் இல்லை. விலையைக் கேட்குமுன் அடுக்கின் நீளம், உயரம், ஆழம் மூன்றையும் கேளுங்கள்.

ஒன்ராறியோவில் இப்போது ஆஷ் விறகு நிறையக் கிடைக்கும். 2002இல் டிட்ரோயிட்டிலும் வின்சரிலும் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பச்சை வண்டு ஆஷ் மரங்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றுவருகிறது. அருமையான விறகு, சீக்கிரம் காயும். ஆனால் அந்த வண்டு ஊர்விட்டு ஊர் போவது பெரும்பாலும் விறகேற்றிய வாகனத்தில்தான். ஆகவே உங்கள் அயலில் வெட்டியதை வாங்குங்கள். ரொறன்ரோவில் அண்ணன் வீட்டு முற்றத்தில் தறித்த மரத்தை ட்ரெய்லரில் ஏற்றி வராதீர்கள்.

செப்ரெம்பரில் கேட்கிறீர்கள் என்பதால் இதையும் சொல்ல வேண்டும்: இப்போது வெட்டி வாங்கும் விறகு இந்தக் குளிருக்கு உதவாது. இந்த வருடத்துக்குச் சூளையில் உலர்த்திய விறகோ, மெழுகு சேர்க்காமல் மரத்தூளை அழுத்திச் செய்த கட்டிகளோ கொஞ்சமாக வாங்கிப் பழகுங்கள். அடுத்த வருடத்து விறகை இப்போதே இறக்கி அடுக்கிவையுங்கள்.

எரிக்கக்கூடாதவை: வர்ணம் பூசிய மரம், பிளைவூட், இரசாயனம் ஏற்றிய பச்சைநிறப் பலகை, கடற்கரையில் ஒதுங்கிய உப்பேறிய மரம், குப்பை. மண்ணெண்ணெய், பெற்றோல் பற்றி நான் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஆனால் தேங்காய்ச் சிரட்டையைப் பற்றிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒன்றிரண்டு போடலாம், கைநிறைய வேண்டாம். அது கடும் சூட்டில் எரியும், அடுப்பு சிவக்கும்.

மூட்டும் முறையை நான் தலைகீழாகத்தான் செய்வேன், பலரும் முதலில் சிரிப்பார்கள். தடித்த கட்டை இரண்டு மூன்றை அடியில், சிறிது இடைவெளி விட்டு வைப்பேன். அதன்மேல் குறுக்காக நடுத்தரக் கட்டைகள். அதற்கு மேல் பென்சில் தடிப்பில் பிளந்த சீடர் சிராய் ஒரு கைப்பிடி. உச்சியில் முறுக்கி முடிச்சிட்ட பத்திரிகைத்தாள் நாலைந்து. காற்றை முழுதாகத் திறந்து, உச்சியில் பற்றவைக்க வேண்டும். நெருப்பு மேலிருந்து கீழே மெல்ல இறங்கும். கீழேயுள்ள கட்டை விடும் வாயு மேலே எரிகிற சுவாலையைக் கடந்துதான் போக வேண்டும் என்பதால் அங்கேயே எரிந்துவிடும். முதல் நிமிடத்திலிருந்தே புகைபோக்கியும் சூடேறும். முதல் சில நிமிடங்களுக்குக் கதவை ஒரு விரல் அளவு திறந்து வைக்கலாம், ஆனால் நீங்கள் அங்கேயே நிற்க வேண்டும். தொலைபேசி அடித்தால் கதவைச் சாத்திவிட்டுப் போங்கள்.

வெளிச்சுவரோடு ஒட்டி நிற்கும் புகைபோக்கிக்குள் காலையில் குளிர்காற்று கனமாக இறங்கி நிற்கும். மூட்டினால் புகை முகத்தில் அடிக்கும். ஒரு பத்திரிகைத்தாளைச் சுருட்டிப் பற்றவைத்து, அடுப்பின் உச்சியில், புகை வெளியேறும் வாய்க்குக் கிட்டப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் காற்றோட்டம் திரும்பும். திரும்பிய பிறகு மூட்டுங்கள்.

பற்றி இருபது நிமிடம் கழித்து வெளியே போய் அண்ணாந்து பாருங்கள். புகைபோக்கிக்கு மேல் காற்று நடுங்குவது மட்டும் தெரிந்தால் நன்றாக எரிகிறது. நீலச் சாம்பல்நிறப் புகை விடாமல் வந்துகொண்டிருந்தால் விறகு ஈரம், அல்லது காற்றைச் சீக்கிரம் குறைத்துவிட்டீர்கள். ஒற்றைத் தகட்டுக் குழாயில் ஒட்டுகிற காந்த வெப்பமானி ஒன்று மலிவாகக் கிடைக்கும். ஊசி 120 பாகை செல்சியஸுக்கும் 240க்கும் இடையில் நின்றால் நிம்மதி. அடுப்புக் கண்ணாடியும் பொய் சொல்லாது: அடிக்கடி கறுத்தால் மேலே புகைபோக்கியும் கறுக்கிறது. ஆறிய பிறகு, ஈரப் பத்திரிகைத்தாளைச் சாம்பலில் தொட்டுத் துடைத்தால் போய்விடும். சாம்பலால் சட்டி பானை விளக்கியவர்களுக்கு இது புதிதல்ல.

மீண்டும் விறகு போடும்போது தணலைக் கரண்டியால் கதவுப்பக்கம் இழுத்து, பின்னால் இரண்டு மூன்று கட்டையாகப் போடுங்கள். ஒற்றைக் கட்டை தனியாக எரியாது, புகையும். காற்றை முழுதாகத் திறந்து, கட்டையின் விளிம்பெல்லாம் கருகும்வரை விடுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். சுவாலை எப்போதும் உயிரோடு இருக்க வேண்டும்.

இரவுக்கும் இதே முறைதான். படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகக் கடைசி விறகைப் போடுங்கள். நன்கு காய்ந்த, தடித்த மேப்பிளோ ஓக்கோ நல்லது. அது நன்றாகப் பற்றி எரிந்த பிறகு, சுவாலை சாகாத அளவுக்குக் காற்றைக் குறைத்துவிட்டுப் படுங்கள். நல்ல புது அடுப்பில் விடியத் தணல் இருக்கும், நாலு சிராய் போட்டால் திரும்ப எழும்பும். பழைய அடுப்பில் இருக்காது. வீடு சில பாகை குளிர்ந்திருக்கும், அதற்குத்தான் ஃபர்னஸ் இருக்கிறது.

தணலைப் பற்றி ஒரு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். சுவாலை அடங்கி, புகையும் இல்லாமல், சிவந்து கிடக்கும் நேரத்தில்தான் அடுப்பு மிக அமைதியாகத் தெரியும். கரி எரிகிற அந்த நேரத்தில்தான் காபன் மொனொக்சைட் அதிகம் வெளியேறும். நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசனை ஏற்கும் இடத்தில் அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலையிடி, குமட்டல், சோர்வு வரும். காய்ச்சல் இல்லாத 'ஃப்ளூ' என்று நினைத்துத் தூங்கிவிடுவார்கள். புகைபோக்கி ஆறிவருவதால் காற்றிழுப்பும் அப்போதுதான் பலவீனம். தணல் சாகும்வரை காற்றை முழுதாக அடைக்கக்கூடாது. பழைய அடுப்புகளில் குழாயின் நடுவே இருக்கும் தட்டையும் மூடக்கூடாது. 2013 டிசம்பர் உறைமழையில் ரொறன்ரோவில் மூன்று லட்சம் மின் இணைப்புகள் அறுந்தபோது, கரி பாபிக்யூவை வீட்டுக்குள் கொண்டுவந்து எரித்து மயங்கியவர்களை ஸ்காபரோவாசிகள் பலருக்கு நினைவிருக்கும். வாயு அதேதான். புகைபோக்கி இல்லாத கரி நெருப்பை எந்தக் குளிரிலும் உள்ளே கொண்டுவரக்கூடாது.

இப்போது நம்முடைய வீடுகளுக்கே உரிய சிக்கல்: சமையலறை ஹூட் ஃபான். மீன் பொரிக்கவும் கறி தாளிக்கவும் என்று நாங்கள் போடும் பெரிய ஃபான் நிமிடத்துக்கு 600 கன அடியும் அதற்கு மேலும் காற்றை வெளியே தள்ளும். வெளியே போன காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது உள்ளே வர வேண்டும். இறுக அடைத்த வீட்டில் அதற்கு அகலமான வழி உங்கள் புகைபோக்கிதான். பின்னேரம் அடுப்பில் தணல் மட்டும் இருக்கிறது, நீங்கள் ஹூட்டைப் போட்டுப் பொரிக்கத் தொடங்குகிறீர்கள், புகைபோக்கிக் காற்று திரும்பிக் கீழே இறங்குகிறது. உடுப்பு உலர்த்தும் இயந்திரமும் குளியலறை ஃபானும் அதோடு சேர்ந்துகொள்ளும். அடுப்பு எரியும்போது ஹூட்டைக் குறைந்த வேகத்தில் போடுங்கள், அடுப்பு இருக்கிற அதே மாடியில் ஒரு யன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள். மேல்மாடி யன்னலைத் திறந்தால் இன்னும் மோசம். சூடான காற்று அதால் வெளியேறி, கீழேயுள்ள இழுப்பைக் கூட்டும். பரிசோதகர் வரும்போது எல்லா ஃபானையும் போட்டு, அடுப்பு வாயில் ஊதுபத்திப் புகையைக் காட்டி அவர் முன்னாலேயே சோதித்துப் பாருங்கள்.

காபன் மொனொக்சைட் அலாரம் ஒன்ராறியோவில் 2014 ஒக்ரோபரிலிருந்து சட்டம். 2008இல் வூட்ஸ்ரொக் நகரில் எரிவாயுக் கணப்பின் வெளிவழி அடைபட்டு ஒரு குடும்பத்தில் நால்வரும் இறந்ததன் பின்னால் எழுந்த இயக்கம்தான் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. படுக்கையறைகளுக்கு வெளியே ஒன்று, அடுப்பு இருக்கும் மாடி உட்பட ஒவ்வொரு மாடியிலும் ஒன்று போடுங்கள். அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம், சில மீற்றர் தள்ளி. பின்பக்கத்தில் காலாவதி ஆண்டு அச்சிட்டிருக்கும், விற்றவர் விட்டுப்போனது செத்த அலாரமாக இருக்கலாம். விட்டுவிட்டு நாலு நாலாக அடித்தால் காபன் மொனொக்சைட், மூன்று மூன்றாக அடித்தால் புகை. நாலடித்தால் யன்னல் திறந்து ஆராய்ந்துகொண்டு நிற்காதீர்கள், எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய் 911ஐ அழையுங்கள்.

குழந்தைக்கு: எரியும் அடுப்பின் வெளிப்புறம் 200, 250 பாகை இருக்கும். சுவரில் திருகிப் பொருத்தும் உலோக வேலி வாங்குங்கள், சும்மா சாய்த்து வைக்கும் தடுப்பு போதாது.

அம்மாவுக்கு: ஒழுங்காக இழுக்கும் அடுப்பிருந்தால் வீட்டுக்குள் புகை மணமே வரக்கூடாது. வந்தால் எங்கோ பிழை. கதவைப் படக்கென்று திறக்காமல், காற்றை முதலில் கூட்டி, ஒரு இடுக்குத் திறந்து, கொஞ்சம் பொறுத்துத் திறந்தால் புகை வெளியே உருளாது. கதவைச் சுற்றியிருக்கும் கயிற்றையும் சோதியுங்கள். அடுப்பு ஆறியிருக்கும்போது ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுங்கள், சுலபமாக உருவி வந்தால் கயிறு மாற்ற வேண்டும். இவ்வளவும் செய்தும் அம்மாவுக்கு இழுப்பு வந்தால், மருத்துவரிடம் கேளுங்கள். மின்சாரம் நிற்கும் நாளுக்கு மட்டும் அடுப்பை வைத்துக்கொள்வதில் ஒரு குறையுமில்லை.

சாம்பல்: தணல் சாம்பலுக்குள் நாட்கணக்கில் உயிரோடு இருக்கும். காகிதப் பையிலோ பிளாஸ்டிக் வாளியிலோ அள்ளிக் கராஜில் வைத்து வீட்டைக் கொளுத்தியவர்கள் கொஞ்ச நஞ்சமில்லை. இறுக்கமான மூடியுள்ள தகர வாளி, அதுவும் வெளியே, மரத்தாலான டெக்கில் இல்லாமல் வெறும் தரையில் அல்லது கல்லில், வீட்டிலிருந்து தள்ளி. வெற்றிட உறிஞ்சியால் இழுக்கவே வேண்டாம். அடுப்பை முழுதாகத் துடைத்தெடுக்கவும் வேண்டாம், ஓரங்குலச் சாம்பல் கிடந்தால் தணல் நன்றாக நிற்கும்.

புகைபோக்கிக்குள் தீப்பிடித்தால் மேலே பெரிய உறுமல் கேட்கும், குழாய் அதிரும், வெளியே பார்த்தால் உச்சியில் பொறி பறக்கும். கதவைத் திறக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். காற்றை முழுதாக அடையுங்கள். அந்தப் புகைபோக்கி எரிகிற ஒரு சமயம்தான் நான் காற்றை அடைக்கச் சொல்வது. எல்லாரையும் வெளியே கூட்டிப்போய் 911ஐ அழையுங்கள். தானாக அணைந்துவிட்டாலும் தீயணைப்புப் படை வந்து பார்க்க வேண்டும், பரிசோதகர் திரும்ப வந்து சரி என்று சொல்லும்வரை அடுப்பு குளிர்ந்தே கிடக்கட்டும். வருடம் ஒருமுறை துப்புரவாக்குவது பொது விதி. முதல் வருடம் நீங்கள் பழகும் காலம் என்பதால் சனவரி நடுவில் ஒருமுறை கூடுதலாகப் பார்க்கச் சொல்வேன்.

முழு வீட்டையும் இதாலேயே சூடாக்கலாமா என்ற கேள்விக்கு: அறை சூடாகும், பக்கத்து அறையும் சூடாகும், பண்ணை வீட்டின் மறுகோடி குளிரும். பழைய பண்ணை வீடுகளில் சமையலறைக் குழாயும் குளியலறைக் குழாயும் வெளிச்சுவருக்குள்ளோ பேஸ்மென்டிலோ ஓடும். வெளியே மைனஸ் 20 அடிக்கும் இரவில் வரவேற்பறை 24 பாகையில் இருக்கும்போது அந்தக் குழாய் உறைந்து வெடிக்கலாம். சூட்டை அளந்து ஃபர்னஸை இயக்கும் தெர்மோஸ்டாற் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தால் ஃபர்னஸ் எழும்பவே எழும்பாது. அதைத் தூரத்து அறைக்கு மாற்றிப் போடுங்கள். விறகுதான் முதன்மைச் சூடு என்று சொன்னால் பல இன்சூரன்ஸ் நிறுவனங்கள் தவணையைக் கூட்டும், சில எடுக்கவே மாட்டா. ஃபர்னஸ்தான் முதன்மை, விறகு துணை என்று உண்மையாகவே வைத்துக்கொண்டு, படிவத்திலும் அப்படியே எழுதுங்கள். ஃபர்னஸை 16, 17 பாகையில் விட்டுவைத்தால் விடிய அடுப்பு அணைந்திருந்தாலும் குழாய் தப்பும், உங்கள் கணவரும் இரவில் எழுந்து விறகு போடத் தேவையில்லை.